நிணநீர்ப் புற்றுநோயும் பரம்பரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த சில நாட்களில், அவருடைய சிகிச்சையைப் பற்றிய கவலைக்கு இணையாக இன்னொரு கவலையும் எழுகிறது: இது இரத்தத்திலேயே வருவதா, பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் வருமா? பிறவியிலேயே நமக்குள் இருக்கும் மரபணு வேறுபாடுகள் இந்நோயின் வாய்ப்பை எந்த அளவுக்கு மாற்றுகின்றன என்பதைப் பற்றி இதுவரை உறுதிப்பட்டவை இங்கே கேள்வி பதிலாகத் தரப்படுகின்றன.

லிம்போமா பரம்பரை நோயா?

தலசீமியா, ஹீமோபீலியா ஆகியவற்றைப் பரம்பரை நோய் என்று சொல்லும் பொருளில் லிம்போமாவை அப்படிச் சொல்ல முடியாது. அந்நோய்களில் குறிப்பிட்ட ஒரு மரபணுவின் பழுது பெற்றோரிடமிருந்து வந்து, வந்த இடத்தில் நோயாகவே வெளிப்படுகிறது. லிம்போமாவில் பெரும்பாலானவர்களுக்கு வந்து சேர்வது, வாய்ப்பைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்யும் பல சிறு மாறுபாடுகள் மட்டுமே. நோய் உண்டாவதற்கு அவற்றின் மேல் வயது, சில தொற்றுகள், நோய் எதிர்ப்பு ஆற்றலின் நிலை, தற்செயல் எல்லாம் சேர வேண்டியிருக்கிறது. ஒற்றை மரபணுப் பழுதினாலேயே லிம்போமாவுக்கு இட்டுச் செல்லும் அரிய பிறவிக் குறைபாடுகளும் உண்டு. அவற்றைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணம், லிம்போமா என்பது ஒரே நோயின் பெயராக இல்லாததுதான். அறுபதுக்கும் மேற்பட்ட தனித்தனி நோய்கள் அந்தப் பெயரின் கீழ் அடங்கியுள்ளன. இளம் வயதில் வரும் ஹாட்ஜ்கின் லிம்போமாவும், முதுமையில் மெதுவாக வளரும் ஃபாலிகுலர் லிம்போமாவும், லிம்போமாக்களோடு சேர்த்தே எண்ணப்படும் சிஎல்எல் என்ற நாட்பட்ட இரத்தப் புற்றுநோயும் பரம்பரையோடு கொண்டிருக்கும் தொடர்பில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. ஆகவே ‘பரம்பரையா’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த வகை’ என்று கேட்டாக வேண்டும்.

பயாப்சி அறிக்கையில் மரபணு மாற்றம் இருப்பதாக எழுதியிருக்கிறது. அது என் பிள்ளைகளுக்குப் போகுமா?

போகாது. அறிக்கையில் சொல்லப்படும் மாற்றம் அநேகமாக எப்போதும் கட்டியின் செல்களில் மட்டுமே இருப்பது. அது நோயாளியின் வாழ்நாளில் லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்களில் ஏதோ ஒன்றில் நேர்ந்து, அந்தச் செல்லின் வழித்தோன்றல்களில் மட்டும் பெருகியது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருப்பதில்லை. ஃபாலிகுலர் லிம்போமாவில் 14-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதும், பர்கிட் லிம்போமாவில் 8-ஆம் குரோமோசோமும் 14-ஆம் குரோமோசோமும் அவ்வாறு செய்வதும் இத்தகைய பின்வந்த மாற்றங்களே.

லிம்போசைட்டுகளில் இப்படி நேர்வதற்கு அவற்றின் தொழிலே காரணம். எண்ணற்ற கிருமிகளுக்கு எண்ணற்ற எதிர்ப்பொருள்களைச் செய்ய வேண்டியிருப்பதால், இந்தச் செல்கள் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. நிணநீர்க் கணுக்களுக்குள் கூடிப் பெருகும்போது எதிர்ப்பொருள் மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளையும் உண்டாக்கிக்கொள்கின்றன. உடலின் வேறெந்தச் செல்லும் இவ்வளவு துணிந்து தன் சொந்த மரபு ஏட்டில் கை வைப்பதில்லை. வெட்டிய முனை தவறான இடத்தில் ஒட்டிக்கொள்வது அவ்வப்போது நடக்கத்தான் செய்கிறது. மேலே சொன்ன 14–18 இடமாற்றத்தைக் கொண்ட செல்கள், எந்த நோயும் இல்லாத பெரியவர்கள் பலரின் இரத்தத்திலும் மிகச் சிறு அளவில் காணப்படுகின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதே இல்லை. அந்த ஒரு பிழைக்கு அப்பால் யாருக்கு நோய் முற்றுகிறது, யாருக்கு முற்றாமல் நின்றுவிடுகிறது என்பதைத் தீர்மானிக்கும் பல காரணங்களில் பிறவி மாறுபாடுகளும் இடம்பெறுகின்றன.

என் அண்ணனுக்கு வந்திருக்கிறது. எனக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு?

பொதுவாகச் சொன்னால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நேர் உறவினரில் ஒருவருக்கு ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா இருந்தால் மற்றவருக்கு அதன் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை உயர்கிறது. ஹாட்ஜ்கின் லிம்போமாவில் அது மூன்று மடங்கு. ஆனால் வகைகளைப் பிரித்துப் பார்க்கும்போது படம் மாறிவிடுகிறது. நாட்டு மக்கள் அனைவரையும் பெற்றோருடன் இணைத்துப் பதிவேடு வைத்திருக்கும் சுவீடனின் தரவுகளை ஆராய்ந்தபோது, சிஎல்எல் நோயாளிகளின் நேர் உறவினருக்கு அதே சிஎல்எல் வரும் வாய்ப்பு எட்டரை மடங்காக இருந்தது. எதிர்ப்பொருள் செய்யும் லிம்போசைட்டுகளான பி-செல்களில் தோன்றும் பெரிய பி-செல் லிம்போமாவில் ஏறத்தாழ பத்து மடங்காகவும், ஃபாலிகுலர் லிம்போமாவில் நான்கு மடங்காகவும் இருந்தது. குடும்பத்தில் ஓடுவது ‘லிம்போமா’ என்ற பொதுத் தன்மையைவிட, அந்தந்த வகைக்குரிய தனிச் சார்பு என்பதை இந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

மடங்குகளைக் கேட்டு மனம் கலங்க வேண்டாம். மிக அரிதான ஒன்றைப் பத்தால் பெருக்கினாலும் அது அரிதாகவே இருக்கும். ஐந்து ஐரோப்பிய நாடுகளில் ஹாட்ஜ்கின் நோயாளிகள் ஏறத்தாழ 14,000 பேரின் நேர் உறவினர் 57,000 பேருக்கும் மேலானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அவ்வுறவினருக்கு வாழ்நாள் முழுவதிலும் ஹாட்ஜ்கின் வரும் வாய்ப்பு 0.6 சதவீதமாகவே இருந்தது. அதாவது ஆயிரம் உறவினரில் 994 பேருக்கு அது வராது. ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா அமெரிக்காவில் ஐம்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. இந்தியாவில் அதைவிடப் பல மடங்கு குறைவு. ஆக, தொடங்கும் எண்ணே இங்கே சிறியது.

அந்த ஐரோப்பிய ஆய்வில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. பெற்றோர்–பிள்ளை இடையே இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது. மரபணுவில் பாதியைப் பகிர்வது இரு உறவுகளுக்கும் பொதுதான். எனவே ஒரே வீட்டில், ஒரே காலத்தில், ஒரே தொற்றுகளுக்கு ஆளாகி வளர்ந்ததும் சேர்ந்துதான் அந்த ஆறு மடங்கை உண்டாக்கியிருக்க வேண்டும், அல்லது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் மரபணுக்களுக்கு அதில் பங்கு இருக்க வேண்டும்.

இது மரபுதான், வளர்ந்த சூழல் மட்டும் காரணமில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இரட்டையர்களைக் கொண்டு. 1995-இல் வெளியான ஓர் ஆய்வு, இருவரில் ஒருவருக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா வந்திருந்த இரட்டையர்களை எடுத்துக்கொண்டது. ஒரு கருவிலிருந்து பிரிந்து ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட 179 இணைகளில் 10 இணைகளில் மற்றவருக்கும் நோய் வந்தது. இரு கருக்களாக உருவாகி, சாதாரண உடன்பிறப்புகள் அளவே மரபணு ஒற்றுமை கொண்ட 187 இணைகளில் ஒன்றில்கூட வரவில்லை. இரு சாராரும் ஒரே வயிற்றில், ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்ந்தவர்கள். இருந்தும் இவ்வளவு வேறுபாடு. ஒரே கரு இரட்டையருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு என்று கணக்கிட்டார்கள்.

இதே எண்களை மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம். 179 இணைகளில் 169 இணைகளில் மற்றவர் நோயின்றியே இருந்தார். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் தப்பியிருக்கிறார்கள் என்றால், மரபின் கை எவ்வளவு நீளம் என்பதோடு அது எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் இதே ஆய்வு காட்டிவிடுகிறது.

எந்த மரபணுக்கள் இதில் முக்கியமானவை?

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எச்எல்ஏ. ஆறாம் குரோமோசோமின் குட்டைக் கையில் நெருக்கமாக அமைந்திருக்கும் இந்த மரபணுக் கூட்டம், மனித உடலில் ஆளுக்கு ஆள் மிக அதிகமாக வேறுபடும் பகுதி. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு ‘பொருத்தம் பார்ப்பது’ என்று மருத்துவமனையில் சொல்கிறார்களே, அந்தப் பொருத்தம் இந்த மரபணுக்களைப் பற்றியதுதான்.

எச்எல்ஏ புரதங்களை, செல்லின் வாசலில் நீட்டப்பட்ட தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். செல்லுக்குள் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்பதற்கு மாதிரியாக, அவற்றின் சிறு துண்டுகளை இந்தத் தட்டில் வைத்து, கெட்ட செல்களைக் கொல்லும் லிம்போசைட்டுகளான டி-செல்களுக்குக் காட்டுகின்றன. தட்டின் குழிவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவரின் தட்டில் கச்சிதமாக உட்காரும் வைரஸ் துண்டு மற்றவரின் தட்டில் உட்காராமல் போகலாம். உட்காராவிட்டால் டி-செல் அதைக் காண்பதில்லை. காணாததைக் கொல்வதும் இல்லை. புற்றாக மாறத் தொடங்கிய செல்லின் மாறிய புரதத்துக்கும் இதே விதிதான்.

இந்தப் பகுதிக்கும் ஹாட்ஜ்கின் நோய்க்கும் இருக்கும் தொடர்பை 1967-இலேயே பிரெஞ்சு மருத்துவர் அமியெல் எடுத்துச் சொன்னார். எச்எல்ஏ வகை ஒன்றுக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பிருப்பதாக வெளிவந்த முதல் அறிக்கையே அதுதான். இன்று நீரிழிவு, முடக்குவாதம், முதுகெலும்பு அழற்சி என்று நீளும் எச்எல்ஏ தொடர்புகளின் பட்டியல் லிம்போமாவில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ஃபாலிகுலர் லிம்போமாவில் எச்எல்ஏ-டிஆர்பி1 என்ற மரபணுவின் பங்கு மிகத் தெளிவானது. தட்டின் குழிவில் குறிப்பிட்ட சில இடங்களில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வாய்ப்பு கூடுகிறது அல்லது குறைகிறது. 2010-இல் இப்பகுதியில் கண்டறியப்பட்ட ஒரு மாறுபாட்டின் ஒவ்வொரு பிரதியும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. பரவலாகக் காணப்படும் ஒற்றை எழுத்து மாறுபாட்டுக்கு இது மிகப் பெரிய விளைவு. பக்கத்திலேயே உள்ள இன்னொரு மாறுபாடு வாய்ப்பைக் குறைக்கவும் செய்கிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே எச்எல்ஏ வகையைப் பெற்றவர்களுக்கு, அதாவது இரண்டு விதத் தட்டுகளுக்குப் பதில் ஒரு விதம் மட்டுமே உள்ளவர்களுக்கு, சில லிம்போமாக்களின் வாய்ப்பு கூடுதலாக இருப்பதும் காணப்பட்டிருக்கிறது.

எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உலகில் வயது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் பி-செல்களுக்குள் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே அது லிம்போமாவில் முடிகிறது. அந்தச் சிலர் யார் என்பதில் மரபுக்கும் ஒரு சொல் உண்டு. ஹாட்ஜ்கின் லிம்போமாவில் ஒரு பகுதியில் மட்டும் புற்றுச் செல்களுக்குள் இந்த வைரஸ் இருக்கும். எச்எல்ஏ-ஏ*01 வகை உள்ளவர்களுக்கு வைரஸ் உள்ள ஹாட்ஜ்கினின் வாய்ப்பு கூடுகிறது. எச்எல்ஏ-ஏ*02 உள்ளவர்களுக்குக் குறைகிறது. ஏ*02 தட்டில் இந்த வைரஸின் புரதத் துண்டுகள் நன்றாக அமர்கின்றன என்பது ஆய்வகத்திலேயே காணப்பட்ட செய்தி. வைரஸ் இல்லாத ஹாட்ஜ்கினில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. அங்கே எச்எல்ஏவின் வேறு பகுதிகள் முன்னுக்கு வருகின்றன. ஒரே பெயருள்ள நோயின் இரு கிளைகளுக்குக்கூட மரபு வழி வேறாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

கிழக்கு ஆசியாவில் அதிகம் காணப்படும், மூக்குப் பகுதியில் தொடங்கும் என்கே/டி-செல் லிம்போமாவும் இதே வைரஸோடு பிணைந்தது. அதில் எச்எல்ஏ-டிபிபி1 மரபணுவின் ஒரு மாறுபாடு வாய்ப்பைக் கூட்டுவதாக 2016-இல் கண்டறியப்பட்டது.

எச்எல்ஏவுக்கு வெளியே ஒன்றும் இல்லையா?

நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றின் வலுவும் குறைவு. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் டிஎன்ஏவையும் நோயற்றவர்களின் டிஎன்ஏவையும் இலட்சக்கணக்கான இடங்களில் ஒப்பிடும் ஆய்வுகள் 2008-க்குப் பிறகு லிம்போமாவில் வரிசையாக வந்தன. தனித்தனி ஆய்வுக் குழுக்களிடம் போதிய நோயாளிகள் இல்லை என்பதால் 2001-இல் உருவான இன்டர்லிம்ஃப் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு இதில் பெரும் பங்காற்றியது. ஃபாலிகுலர் லிம்போமாவில் சிஎக்ஸ்சிஆர்5, இடிஎஸ்1, எல்பிபி, பிசிஎல்2, பிவிடி1 ஆகிய மரபணுக்களின் அருகிலும், பெரிய பி-செல் லிம்போமாவில் இஎக்ஸ்ஓசி2, என்சிஓஏ1, பிவிடி1 ஆகியவற்றின் அருகிலும், ஹாட்ஜ்கினில் ஆர்இஎல், ஜிஏடிஏ3, பிவிடி1 ஆகியவற்றின் அருகிலும் மாறுபாடுகள் பிடிபட்டன. சிஎல்எல்லுக்கு மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வோர் இடமும் பொதுவாகப் பத்து முதல் ஐம்பது சதவீத அளவுக்கே வாய்ப்பைக் கூட்டுகிறது.

பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் பிசிஎல்2 இருப்பது மட்டும் சுவையானது. ஃபாலிகுலர் கட்டிகளில் 14–18 இடமாற்றம் கிளப்பிவிடும் மரபணு இதுதான். அதே மரபணுவின் அருகில் பிறவியிலேயே உள்ள சிறு வேறுபாடும் அதே நோயின் வாய்ப்பை மாற்றுகிறது. பிவிடி1 மூன்று நோய்களிலும் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் உண்டு: செல் பெருக்கத்தை முடுக்கும் மிக் மரபணுவின் அண்டை வீட்டுக்காரர் அது.

இப்படிக் கிடைத்த மாறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்தையே மாற்றுவதில்லை. அருகில் உள்ள மரபணு எந்தச் செல்லில், எந்த அளவில் வேலை செய்ய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் பகுதிகளில் அவை அமர்ந்திருக்கின்றன.

முடக்குவாதமோ லூபஸோ உள்ளவர்களுக்கு லிம்போமா வாய்ப்பு கூடுவதும் மரபினால்தானா?

ஒரு பகுதி மரபு, பெரும்பகுதி ஓயாத அழற்சி. எதிர்ப்பு ஆற்றல் தன்னுடலையே தாக்கும் நோய்களான முடக்குவாதம், லூபஸ், குறிப்பாகக் கண்ணையும் வாயையும் வறளச் செய்யும் ஜோகிரன் நோய் ஆகியவற்றில் பி-செல்கள் ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்டுப் பெருகிக்கொண்டே இருப்பதால் பிழைக்கு இடம் கூடுகிறது. அழற்சியை முடுக்கும் டிஎன்எஃப் மரபணுவின் முகப்பில் உள்ள ஒரு மாறுபாடு பெரிய பி-செல் லிம்போமாவின் வாய்ப்பை மிதமாகக் கூட்டுவதாக இன்டர்லிம்ஃப் 2006-இல் அறிவித்தது. தன்னுடலைத் தாக்கும் நோய்களோடு தொடர்புடைய தலைமுறைகளாகச் சேர்ந்தே கடத்தப்படும் ஒரு பழைய எச்எல்ஏ தொடரிலேயே அந்த மாறுபாடும் பயணம் செய்கிறது. முடக்குவாதம் உள்ள ஒருவர் இதற்கு அஞ்சி மருந்தை நிறுத்துவது தவறான முடிவு. அடங்காத அழற்சியே இங்கே பெரிய ஆபத்து.

ஒற்றை மரபணுப் பழுதினால் வரும் அரிய நிலைகள் எவை?

குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ லிம்போமா வந்து, அதோடு அடிக்கடி கடுமையான தொற்று, நடைத் தள்ளாட்டம், தலை சிறுத்திருத்தல் போன்றவையும் இருந்தால் இவற்றை நினைக்க வேண்டும்.

ஏடாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா என்ற நோயில் ஏடிஎம் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகியிருக்கும். முறிந்த டிஎன்ஏ முனைகளைக் கண்டு எச்சரிப்பது அந்த மரபணுவின் வேலை. முன்பே சொன்னபடி டிஎன்ஏவை வெட்டி ஒட்டுவதையே தொழிலாகக் கொண்ட லிம்போசைட்டுகளுக்கு இந்தக் காவலர் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இக்குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் லிம்போமாவும் லுகேமியாவுமே மிகுதி. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 1981-இல் முதலில் விவரிக்கப்பட்டு அந்நகரின் பெயரையே பெற்ற இன்னொரு நோயில், அதே பழுதுபார்க்கும் வரிசையைச் சேர்ந்த என்பிஎன் மரபணு கெட்டிருக்கும். போலந்து, செக் நாடு, உக்ரைன் பகுதிகளில் ஏறத்தாழ 180 பேரில் ஒருவர் அந்தப் பழுதை ஒரு பிரதியில் சுமக்கிறார். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு அந்த நோய் வருவதில்லை.

ஆண் குழந்தைகளைத் தாக்கும் எக்ஸ் குரோமோசோம் சார்ந்த லிம்போசைட் பெருக்க நோயை அமெரிக்க மருத்துவர் டேவிட் பர்டிலோ 1975-இல் ஒரே குடும்பத்தில் கண்டு எழுதினார். இதில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உடலுக்குள் வந்ததும் அதை அடக்க வேண்டிய செல்கள் செயலிழந்து, உயிரைப் பறிக்கும் காய்ச்சலோ லிம்போமாவோ தோன்றுகிறது. தாய் பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு மகனுக்கும் வாய்ப்பு சரிபாதி; மஜ்ஜை மாற்று இதைக் குணப்படுத்துகிறது. ஃபாஸ் மரபணுப் பழுதில், வேலை முடிந்த லிம்போசைட்டுகள் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் தங்கிவிடுகின்றன. சிறு வயதிலிருந்தே நெறி கட்டியிருப்பதும் மண்ணீரல் வீங்கியிருப்பதும் இதன் அடையாளம். இவர்களுக்கு ஹாட்ஜ்கின் வாய்ப்பு 51 மடங்கு, மற்ற லிம்போமாக்களின் வாய்ப்பு 14 மடங்கு என்று 2001-இல் கணக்கிடப்பட்டது.

அண்மைக் காலக் கண்டுபிடிப்புகளில் என் கருத்தில் மிக அழகானது 2018-இல் வந்தது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் தோன்றும் ஓர் அரிய டி-செல் லிம்போமாவில், நோயாளிகள் பலருக்கு எச்ஏவிசிஆர்2 மரபணுவின் இரு பிரதிகளும் பிறவியிலேயே மாறியிருந்தன. டி-செல்லின் ஆவேசத்துக்குத் தடை போடும் டிஐஎம்-3 என்ற புரதத்தைச் செய்வது அந்த மரபணு. தடை பிடிக்காத வண்டி போல அழற்சி ஓடுகிறது. அது தெரிந்த பிறகு, புற்றுச் செல்களைக் கொல்லும் கீமோவைவிட அழற்சியை அடக்கும் மருந்துகளே இந்நோயாளிகள் பலருக்கு ஏற்றவை என்ற எண்ணம் வலுப்பட்டிருக்கிறது. பிறவி மாறுபாடு ஒன்றைக் கண்டறிந்தது நேராகச் சிகிச்சையைத் திருப்பிய அரிய நிகழ்வு இது.

நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு லிம்போமா வாய்ப்பு கூடுமா?

பொதுவான லிம்போமாக்களுக்கு இதைப் பெரிய காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் இரு பிரதிகளும் பழுதாக வேண்டிய ஏடாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா போன்ற பிறவிக் குறைபாடுகளின் வாய்ப்பு நிச்சயமாகக் கூடுகிறது, அவற்றின் வழியாகவே லிம்போமாவும் வருகிறது. கணக்கு எளியது. தாய்மாமன் ஒரு பழுதான பிரதியைச் சுமந்தால், அக்காள் மகளிடமும் அதே பிரதி இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகன்–மாமன் மகள் இடையே அது எட்டில் ஒன்று. உறவற்ற இருவர் தற்செயலாக ஒரே அரிய பழுதைச் சுமப்பது இதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. சொந்தத் திருமணம் இந்தியாவில் மிகுதியாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால், இங்குள்ள குழந்தைகள் மருத்துவர் லிம்போமா கண்ட குழந்தையின் பெற்றோரிடம் ‘நீங்கள் உறவுக்குள் மணந்தவர்களா’ என்று கேட்டால் அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு கேள்வி நோயறிதலின் திசையையே மாற்றக்கூடும்.

இந்த ஆய்வுகள் நம் மக்களுக்கும் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தும் என்று வைத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்ன பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் மிகப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். பெரிய பி-செல் லிம்போமாவின் 2014-ஆம் ஆண்டு ஆய்வில் இடம்பெற்ற 3,800-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அனைவரும் அப்படிப்பட்டவர்களே. எச்எல்ஏ வகைகளின் பரவல் மக்களுக்கு மக்கள் வேறுபடுவதால் ஓரிடத்தில் முக்கியமான மாறுபாடு இன்னோரிடத்தில் அரிதாக இருக்கலாம். மரபின் பங்கை இன வேறுபாடே வெளிப்படையாகக் காட்டும் ஓர் இடமும் உண்டு: மேலை நாடுகளில் மிகுதியாக உள்ள சிஎல்எல் கிழக்கு ஆசியரிடம் மிக அரிது, அமெரிக்காவில் குடியேறியவர்களிடமும் அங்கேயே பிறந்த அவர்களின் சந்ததியிடமும் அது குறைவாகவே தொடர்கிறது. உணவும் ஊரும் மாறிய பிறகும் மாறாத ஒன்றுக்கு மரபைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு மரபணுப் பரிசோதனை தேவையா?

குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும், நடுத்தர வயதுக்குப் பின் லிம்போமா வந்திருந்தால் மற்றவர்களுக்குத் தேவையில்லை. பரவலான சிறு மாறுபாடுகளைக் கூட்டி மதிப்பெண் தரும் கணக்கீடு ஆய்வுக்குரிய கருவி; தனி ஒருவருக்கு ‘உங்களுக்கு வரும், உங்களுக்கு வராது’ என்று சொல்லும் வலு அதற்கு இல்லை, நம் மக்களுக்கு இன்னும் குறைவு. குழந்தைக்கு லிம்போமாவோடு நோய் எதிர்ப்புக் குறைபாட்டின் அடையாளமும் இருந்தாலோ, நேர் உறவினரில் இருவருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தாலோ, மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது பொருத்தம்.

பரிசோதனை செய்வதாக இருந்தால் மாதிரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான மற்றப் புற்றுநோய்களில் பிறவி மாறுபாட்டை அறிய இரத்தம் எடுத்தால் போதும். இங்கே இரத்தத்திலேயே புற்றுச் செல்கள் கலந்திருக்கக்கூடும். அப்போது கட்டியின் மாற்றத்தைப் பிறவி மாற்றம் என்று தவறாகப் படித்துவிட நேரும். எச்சிலிலும் வெள்ளணுக்கள் கலந்திருக்கும். வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றவருடைய இரத்தத்தைச் சோதித்தால் கிடைப்பது கொடையாளரின் மரபணு. அதனால்தான் தோலில் சிறு துண்டு எடுத்து அதன் செல்களை வளர்த்துச் சோதிப்பதை ஆய்வகங்கள் நம்புகின்றன. அறிக்கையில் ‘பொருள் தெளிவற்ற மாறுபாடு’ என்று வந்தால் அதை நோய்க்கான தீர்ப்பாகக் கொள்ளாமல், அதை வைத்து எந்த முடிவும் எடுக்காமல் இருப்பதே முறை.

பழுது இருப்பது தெரிந்தால் சிகிச்சை மாறுமா?

அரிய நிலைகளில் நன்றாகவே மாறும். ஏடாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா உள்ள குழந்தைக்கு வழக்கமான கதிர்வீச்சு பெருங்கேடாக முடியும். கூடியவரை தவிர்ப்பார்கள், கீமோவின் அளவையும் குறைப்பார்கள். மஜ்ஜை மாற்றுக்கு அண்ணனோ தங்கையோ கொடையாளராக வருவதானால், முழுப் பொருத்தத்துக்கு நான்கில் ஒரு வாய்ப்பு இருப்பதைப் போலவே, குடும்பத்தின் பழுதையும் அவர் சுமக்க வாய்ப்பு இருக்கிறது. பொருத்தத்தோடு அதையும் சோதித்த பிறகே ஏற்க வேண்டும்.

உறவினர் ஆண்டுதோறும் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டுமா?

வேண்டாம். அப்படிச் செய்வதால் உயிர் காக்கப்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை. தேவையற்ற கதிர்வீச்சும் பதற்றமும்தான் மிஞ்சும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாமல் நெறி கட்டி மூன்று நான்கு வாரங்களில் கரையாமல் இருந்தாலோ, காரணமற்ற காய்ச்சல், உடை நனையும் அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவு ஆகியவை இருந்தாலோ மருத்துவரிடம் குடும்ப வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் நாட்டில் கழுத்து நெறி என்றாலே காசநோய் என்று நினைப்பது இயல்பு, பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் திசுச் சோதனையில் உறுதிப்படாமலே காசநோய் மருந்து தொடங்கி, மாதங்கள் கழிந்து லிம்போமா என்று தெரியவரும் கதைகள் உண்டு. ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை லிம்போமாவின் வகையைச் சொல்லப் பெரும்பாலும் போதாது. கணுவை முழுதாக எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

பாதிக்கப்பட்டவர் காலமாகிவிட்டார், எந்த வகை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இனி தெரிந்துகொள்ள வழி உண்டா?

பல நேரங்களில் உண்டு. பயாப்சி செய்த ஆய்வகம் அந்தத் திசுவை மெழுகுக் கட்டியில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருக்கும். பெயர், ஆண்டு, மருத்துவமனைப் பதிவெண் ஆகியவற்றோடு நேர் உறவினர் எழுதிக் கேட்டால் அறிக்கையின் நகலும், தேவைப்பட்டால் கண்ணாடித் தகடுகளும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது; பழைய திசுவையே இன்றைய சாயங்களால் மீண்டும் சோதித்து வகையை உறுதிசெய்யவும் முடியும். அதிலிருந்து பிறவி மாறுபாட்டை அறிவது கடினம், ஏனெனில் ஃபார்மலினில் ஊறிய டிஎன்ஏ சிதைந்திருக்கும், கட்டியின் டிஎன்ஏவும் அதில் கலந்திருக்கும். மரபியல் ஆலோசகரிடம் போகும்போது அந்த அறிக்கையையும், யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று பாட்டன் தலைமுறை வரை எழுதிய ஒரு தாளையும் கையோடு கொண்டு போங்கள்.